ஐடிலிங்கில் ஏன் அந்தக் கீச்சொலி?

பானெட்டுக்குள் குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்'. பெரும்பாலும் அது இன்ஜினின் வயிற்றுச் சத்தமல்ல. ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டின் குரல். புல்லி ஒன்று சற்றே விலகியிருந்தாலும் பெல்ட்டின் ரப்பர் வரிகள் பள்ளத்துக்குள் கோணலாக இறங்கி, பிடித்துப் பிடித்து வழுக்கும். அந்த அதிர்வே ஒலி. ஐடிலிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுதான். அதனால் ஒவ்வொரு கீச்சும் தனித்துக் கேட்கிறது.

கையோ துணியோ அருகில் போகாமல், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பினால் புல்லி நேராக இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, டென்ஷனரைப் பாருங்கள். மாறவே இல்லையா? இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு விரல்நுனியிலேயே தெரியும்.