கேக் அல்ல, ரொட்டி!

மேஜை நடுவே வெள்ளை வெளேரென்று நீளமான ஒரு கேக். மேலே பூ அலங்காரம். ஆசையோடு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்ட குழந்தையின் முகம் கோணுகிறது. தித்திப்பைக் காணோம், முட்டையும் கோழியும் ஆலிவ் காயுமாக ஒரே உப்பு! 1950-களில் அமெரிக்க விருந்துகளில் கொடிகட்டிப் பறந்த 'ஸாண்ட்விச் லோஃப்' இப்படித்தான் ஆளை ஏமாற்றும்.

இதற்குத் துண்டு போடாத முழு ரொட்டி வேண்டும். அதுவே பெரும்பாடு. 1928-ல் மிஸ்ஸௌரி மாநிலத்துச் சில்லிகாத்தி என்ற ஊரில், ஓட்டோ ரோவெடர் செய்த இயந்திரம் வெட்டிய ரொட்டி விற்பனைக்கு வந்தது. அப்புறம் கடைக்குக் கடை வெட்டிய ரொட்டிதான். முழு ரொட்டிக்கு பேக்கரியில் சொல்லிவைக்க வேண்டியதாயிற்று.

ஓரங்களைச் சீவிவிட்டு, ரொட்டியைப் படுக்கைவாட்டில் நான்கைந்து பலகைகளாக அறுப்பார்கள். ஈரம் ஊறி நைந்துவிடாதிருக்க முதலில் வெண்ணெய்ப் பூச்சு. பிறகு ஓர் அடுக்குக்கு மயோனைஸில் பிசைந்த அவித்த முட்டை, இன்னொன்றுக்குக் கோழி அல்லது ஹாம், மற்றொன்றுக்குச் சிவப்புக் குடைமிளகாய் கலந்த பாலாடைக்கட்டி. நிறத்துக்கு நிறம் வேறுபட வேண்டும்; வெட்டும்போது வரிவரியாகத் தெரிவதில்தானே அழகு! வெளிப்புறம் முழுவதும் பால் விட்டுக் குழைத்த 'க்ரீம் சீஸ்' பூசி, முள்ளங்கியில் ரோஜா செதுக்கி வைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

அந்த 'இரவு முழுவதும்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்கள் பலர் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்விட்டார்கள். நடுத்தரக் குடும்பத்து எஜமானியே சமையற்காரி, பரிமாறுபவள், விருந்தாளிகளோடு சிரித்துப் பேசுபவள் எல்லாம். முதல் நாளே வேலையை முடித்துவிட்டால், மறுநாள் கசங்காத கவுனுடன் வாசலில் நின்று வரவேற்கலாம். ஒன்றுமே செய்யாதவள் போலத் தோன்றுவதற்கு அவள் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பாராட்டியவர்கள் எத்தனை பேரோ!

ருசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயோனைஸும் சீஸும் சேர்ந்து நெஞ்சைக் கரிக்கும். இரண்டு துண்டுக்கு மேல் இறங்காது. அமெரிக்காவில் அதன் மோகம் தணிந்தது ஆச்சரியமல்ல.

ஆனால் அதன் நெருங்கிய உறவு ஸ்வீடனில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. 'ஸ்மொர்கோஸ்டோர்ட்டா' என்று பெயர். அடுக்கு ரொட்டியின் மேல் இறால், ஸால்மன் மீன், வெள்ளரி, எலுமிச்சை, சதகுப்பைக் கீரை என்று ஒரு தோட்டமே இருக்கும். பிறந்த நாளானாலும் கல்யாணமானாலும் இதுதான். சவ அடக்கம் முடிந்து திரும்பியவர்களுக்கும் இதையே வெட்டிப் பரிமாறுகிறார்கள்.