மெக்ஸிகோவும் அதன் புஸ்தகங்களும்

ஒரு தேசத்தை அறிவதற்கு அங்கே சென்று பார்ப்பதைப்போன்ற வழி வேறில்லை என்பர். உண்மையே. ஆயினும் கடல் கடந்து செல்வதற்கு வேண்டிய பொருளும் ஓய்வும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அன்றியும், நேரிற் சென்றவன் இன்றைய தேசத்தைக் காண்பானேயொழிய அதன் நேற்றைக் காணமாட்டான். அதைக் காட்டவல்லவை புஸ்தகங்களே. ஆனால் புஸ்தகத்தைத் துணையாகக் கொண்டு அந்நிய தேசத்திற் புகுகின்றவன், முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இதை எழுதியவர் யார்? வென்றவரா, தோற்றவரா? உள்ளூராரா, வழிப்போக்கரா? இக்கேள்வியின் அவசியத்தை மெக்ஸிகோவைப்போல் தெளிவாக உணர்த்தும் தேசங்கள் மிகச் சிலவே.

மெக்ஸிகோ நமக்கு வெகுதூரம். எனினும் அதன் பண்டங்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்து வெகுகாலமாயிற்று. நம் குழம்பிற்குக் காரம் தரும் மிளகாயும், மக்காச்சோளமும் அங்கே பண்படுத்தப்பட்டு உலகெங்கும் பரவியவை. சப்போட்டா என்ற பெயரே அந்நாட்டு நஹுவாட்ல் மொழிச் சொல்லொன்றின் திரிபாகும். நாம் மாலை தொடுக்கும் துலுக்கச் சாமந்தியும் அத்தேசத்துப் பூவே. ஆண்டுதோறும் நவம்பர் மாதத் துவக்கத்தில், இறந்தோரை வரவேற்கும்பொருட்டு அங்குள்ளோர் கல்லறைகளையும் வீடுகளையும் அப்பூவினால் அலங்கரிக்கின்றனர். பண்டங்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் பயிரிட்டோரின் சரித்திரம் மட்டும் வரவில்லை.

வராததற்கு ஒரு காரணம், அச்சரித்திரம் எழுதப்பட்டிருந்த புஸ்தகங்களிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டமையே. மெக்ஸிகோவின் பூர்வ ஜனங்கள் எழுத்தறியாதவரல்லர். மாயர் என்னும் வகுப்பார் மரப்பட்டையிற் செய்த காகிதத்தை விசிறிபோல் மடித்து, வானசாஸ்திரமும் பஞ்சாங்கமும் சடங்குகளும் எழுதி வைத்திருந்தனர். 1562-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், யுக்காத்தான் பிரதேசத்து மானி என்ற ஊரில், டியேகோ தெ லாண்டா என்னும் ஸ்பானியப் பாதிரியார் இப்புஸ்தகங்களைப் பைசாசத்தின் வேலையென்று கருதித் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியுள்ள மாயர் புஸ்தகங்கள் நான்கே. அவற்றுள் மூன்று டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் இருக்கின்றன. ஒன்றுதான் மெக்ஸிகோவிலேயே உள்ளது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். புஸ்தகங்களைக் கொளுத்திய அதே லாண்டா, பின்னர் மாயரின் வழக்கங்களைப்பற்றித் தாமே ஒரு நூல் எழுதி, அதில் அவர்களுடைய எழுத்துக் குறிகள் சிலவற்றையும் வரைந்து வைத்தார். அவற்றைத் தனி எழுத்துக்கள் என்றே அவர் எண்ணினார். அவை நம் உயிர்மெய்களைப்போல் அசைகளைக் குறிப்பவை என்பதை 1952-ல் ருஷ்ய அறிஞர் யூரி நொரோசோவ் எடுத்துக் காட்டினார். மாயரின் கல்வெட்டுக்கள் மீண்டும் வாய் திறப்பதற்கு அவர் காட்டிய வழியே ஏதுவாயிற்று. எரித்தவனுடைய புஸ்தகத்தையும் நாம் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, மெக்ஸிகோ நகரத்தின் ஒரு பகுதியான டிலாட்டெலோல்கோ என்ற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஓரிடத்தைச் சுற்றியே ஒரு சிறு புஸ்தகசாலை எழுந்துள்ளது.

1519-ம் ஆண்டு நவம்பரில் ஹெர்னான் கோர்ட்டெஸ் தன் சேனையுடன் ஏரி நடுவே விளங்கிய தெனோச்டிட்லான் ராஜதானியை அடைந்தான். அதையடுத்திருந்த டிலாட்டெலோல்கோவின் பெரிய சந்தையைக் கண்டு அச்சேனை பிரமித்து நின்றது. ரோமாபுரியையும் கான்ஸ்டாண்டினோபிளையும் பார்த்திருந்த சிப்பாய்களே இவ்வளவு ஒழுங்கும் கூட்டமுமுள்ள சந்தையை வேறெங்கும் கண்டதில்லை என்றார்களாம். இதைச் சொல்பவர் பெர்னால் டியாஸ் என்னும் சிப்பாய். மெக்ஸிகோவையே காணாத கோமாரா என்பவர், வெற்றியின் புகழனைத்தையும் கோர்ட்டெஸுக்கே சூட்டி ஒரு சரித்திரம் எழுதிவிட்டார். அதனாற் புண்பட்ட டியாஸ், முதுமைப் பருவத்தில் தாம் கண்டதை எழுதி வைத்தார். 1632-ல், அவர் இறந்து நெடுநாட்களுக்குப் பின்னரே அந்நூல் அச்சேறிற்று. படையுடன் வந்த குதிரைகளின் அங்க அடையாளங்களைக்கூட அவர் மறக்கவில்லை. ஆனால் தாம் கொள்ளையிட வந்தவரென்பதை மட்டும் அவர் பெரிதாய் எண்ணியதில்லை.

1521-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, அதே டிலாட்டெலோல்கோவில் மெக்ஸிகரின் கடைசி எதிர்ப்பும் ஒடுங்கிற்று. பதினைந்தாண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் ஒரு கல்லூரி ஏற்பட்டது. அங்கே போதித்தவர்களுள் ஒருவர் பெர்னார்டினோ தெ ஸஹாகுன் என்ற பாதிரியார். அவர் நஹுவாட்ல் மொழியைக் கற்று, முதியோர்களை அழைத்து வினவி, சுதேச மாணாக்கர்களைக்கொண்டு அவர்கள் கூறியதை அவர்கள் மொழியிலேயே எழுதுவித்தார். தெய்வங்கள், திருவிழாக்கள், மருந்துகள், பறவைகள், தொழில்கள் என்று பன்னிரண்டு பாகங்களாய், ஆயிரக்கணக்கான சித்திரங்களுடன் அது வளர்ந்தது. ஒருபுறம் நஹுவாட்ல், மறுபுறம் ஸ்பானிய மொழி. பன்னிரண்டாம் பாகத்தில் படையெடுப்பைத் தோற்றவர்களே சொல்லுகின்றனர். பொன்னைக் கண்டபோது அந்நியர் அடைந்த வெறியையும், பெரியம்மையால் ஜனங்கள் மடிந்ததையும், முற்றுகையில் உண்ட கண்டதையெல்லாம் அதிற் காணலாம். அக்கைப்பிரதி இப்போது இத்தாலியின் பிளாரென்ஸ் நகரத்தில் இருக்கின்றது. இதிலிருந்தும் இதைப்போன்ற ஏடுகளிலிருந்தும் மிகுவேல் லெயோன் போர்ட்டீயா 1959-ல் தொகுத்த சிறு நூல், தோற்றவரின் குரலை உலகெங்கும் கேட்கச் செய்தது.

வழிப்போக்கர் எழுதியவற்றையும் விட்டுவிடலாகாது. 1843-ல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்கரான பிரெஸ்காட் எழுதிய படையெடுப்புச் சரித்திரம். கண்பார்வை குன்றிய அவர் மெக்ஸிகோவில் அடிவைத்ததேயில்லை. மற்றொன்று ஸ்பானிய ஸ்தானாபதியின் மனைவியும் ஸ்காத்லாந்து மாதுமான பான்னி கால்டெரோன் எழுதிய கடிதங்கள். முன்னதில் கம்பீரமுண்டு. பின்னதில் வீதியும் விருந்தும் கன்னிமாடமும் கலகமும் உயிரோடு நடமாடுகின்றன. 1938-ல் அங்கே சென்ற ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் அத்தேசத்தை வெறுத்தே ஒரு பிரயாண நூல் எழுதினார். பிரயாண நூல், பார்க்கப்பட்ட தேசத்தைக் காட்டுவதோடு பார்த்தவரையும் காட்டிக்கொடுக்கும்.

சுதேசிகளே பேசுவதைக் கேட்க வேண்டின் நாவல்களை நாடுதல் வேண்டும். 1821-ல் விடுதலை பெற்ற மெக்ஸிகோ, 1848-ல் தன் நிலப்பரப்பிற் பாதிக்குமேல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் பறிகொடுத்தது. 1910-ல் எழுந்த புரட்சியில் சேனையுடன் திரிந்த வைத்தியர் மரியானோ அஸுவேலா, தாம் கண்ட ஏழைச் சிப்பாய்களின் வீரத்தையும் சீரழிவையும் நாவலாக்கினார். அது 1915-ல் எல்லைக்கப்பால் எல் பாஸோ நகரத்துப் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. நிலம் கேட்டெழுந்த கிராமங்கள் பின்னர் எவ்வாறு வெறிச்சோடின என்பதை அறிய வேண்டுவோர் ஹுவான் ருல்போவின் 1955-ம் ஆண்டு நாவலான 'பெட்ரோ பாராமோ'வைப் படிக்கக் கடவர். அதில் இறந்தோரே பேசுகின்றனர்.

மீண்டும் டிலாட்டெலோல்கோவிற்கு வருவோம். 1968-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கப் பத்து நாட்களே இருக்கையில், அச்சதுக்கத்திற் கூடிய மாணவர்களும் மற்றோரும் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அப்போது மெக்ஸிகோவின் ஸ்தானாபதியாக நமது டில்லியில் இருந்தவர் கவி ஒக்டாவியோ பாஸ். செய்தி கேட்டதும், அத்தகைய அரசாங்கத்தின் பிரதிநிதியாக இனி இருக்கவொண்ணாதென்று அவர் பதவியினின்று விலகினார். எலேனா பொனியாட்டோவ்ஸ்கா என்ற எழுத்தாளர் உயிர் தப்பியோரையும், பிள்ளைகளை இழந்த தாய்மாரையும், சிறையிலிருந்தோரையும் கேட்டு, அவர்கள் வாய்மொழியையே 1971-ல் நூலாக வெளியிட்டார். நானூறாண்டுகளுக்கு முன் அதே இடத்தில் ஸஹாகுன் செய்த வேலை இதுவேயன்றோ?

இன்று அச்சதுக்கத்திற்குச் செல்வோர் பழைய கோயிலின் இடிபாடுகளையும், அக்கோயிற் கற்களைக்கொண்டே எழுப்பப்பட்ட மாதாகோயிலையும், நவீனக் கட்டடங்களையும் ஒருங்கே காண்பர். புஸ்தகம் படியாது செல்வோனுக்கு அவை வெறுங்கற்களே. படித்தவனுக்கோ சந்தையின் இரைச்சலும் முதியோரின் குரலும் தாய்மாரின் அழுகையும் அங்கே கேட்கும்.

எனவே, மெக்ஸிகோவை அறிய விரும்பும் நேயர்கள் ஒரே புஸ்தகத்தோடு திருப்தியடைய வேண்டா. டியாஸைப் படித்தவர் ஸஹாகுனையும் படிக்கட்டும். வழிப்போக்கரைப் படித்தவர் உள்ளூர் நாவலாசிரியரையும் கேட்கட்டும். வென்றவனது ஏட்டை மட்டும் படிப்போமாயின், அன்று மானியில் மூட்டப்பட்ட தீக்கு நாமும் ஒரு விறகு இட்டவர்களாவோம்.