கைத்திறனும் பொறிச்சீட்டும்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில், கரைவலை இழுத்து ஓய்ந்த பிற்பகல் வேளையில், வாடி நிழலில் நால்வர் கூடி முந்நூற்றுநாலு ஆடுவதைக் காணலாம். ஜாக்கிற்கு 30, ஒன்பதிற்கு 20, ஆசிற்கு 11, பத்திற்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76 புள்ளிகள், நான்கினத்துக்கும் 304. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத முதியவரும் இக்கணக்கை விரல் மடக்காமலே கூறுவர். சூது விலக்கப்பட்டது என்பதை நன்கறிந்த ஊர்களாதலின், பந்தயமின்றி ஆடும்போதும் பெரியவர் எவரேனும் அவ்வழியே வரின், சீட்டுக்கட்டு சட்டென்று சாரன் மடிப்பினுள் மறைந்துவிடும். அந்த மறைத்தலே ஒரு சிறு வித்தைதான்!

இத்தகைய ஆட்டக்காரரே பாடசாலை மண்டபத்தில் நடைபெறும் மாயவித்தைக் காட்சிக்கும் செல்கின்றனர். வித்தைக்காரர் ஒரு சீட்டை எடுக்கச் சொல்கிறார், எடுத்ததைக் கட்டினுள் செருகச் சொல்கிறார், கலைக்கிறார், வெட்டுகிறார். எடுத்த சீட்டே மேலே வந்து நிற்கிறது. வீடு திரும்பும் வழியில் சபையோர் மூன்று பிரிவாகின்றனர். “கட்டில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது” என்பர் சிலர். “இல்லை, அவன் கையிலேதான் இருக்கிறது” என்பர் வேறு சிலர். மூன்றாமவர், “ஜின்னின் வேலை” என்று கூறி விவாதத்தையே முடித்து வைப்பர். மூன்றாமவருக்கு விடை கூறுவதற்கேனும் முதலிரு சாராரின் கருத்தையும் ஆராய்வது தகும்.

கட்டிலே சூட்சுமம் உண்டு என்பது பெரும்பாலும் உண்மை. அத்தகைய கட்டுகள் கடைகளில் விலைக்கே கிடைக்கின்றன. ஒருவகைக் கட்டில் 52 சீட்டுகளில் 26 வெவ்வேறானவை. எஞ்சிய 26 சீட்டுகளும் ஒன்றேபோன்றவை. ஒன்றேபோன்றவற்றை நுனியில் மயிரிழையளவு வெட்டிக் குறுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருப்பர். கட்டின் நுனியைப் பெருவிரலால் சரசரவென விரித்துக் காட்டும்போது நீண்ட சீட்டுகளின் முகங்களே கண்ணுக்குத் தெரியும். ஆதலால் எல்லாம் வேறுவேறு எனத் தோன்றும். கட்டின் இடையில் விரல் வைத்து எடுக்கும்போதோ குறுகிய சீட்டே அகப்படும். எவர் எடுத்தாலும் அதே சீட்டுத்தான். இன்னொருவகைக் கட்டின் சீட்டுகள் ஒருபுறம் சற்றே அகன்றும் மறுபுறம் சற்றே ஒடுங்கியும் இருக்கும். எடுத்த சீட்டைத் திரும்பச் செருகுமுன் கட்டைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாற் போதும். கண் அறியாத அந்த வேற்றுமையை விரல் அறிந்துகொள்ளும். இருபுறமும் முதுகாகவே அச்சிட்ட சீட்டுகளும் உள. இவற்றையெல்லாம் பொறிச்சீட்டு எனலாம். இங்கே இரகசியம் பொருளில் இருக்கிறது.

கைத்திறனோ வேறு. கடையில் அப்போதுதான் உறை பிரித்த கட்டே அதற்குப் போதும். இரண்டு சீட்டுகளை ஒன்றேபோல் ஒட்டி எடுத்துக் காட்டுதல், ஒரு சீட்டை உள்ளங்கையில் அடக்கி வைத்தல், கட்டின் கீழ்ப்பாதியை மேற்பாதியின்மேல் ஓசையின்றி ஏற்றுதல், கலைப்பதுபோல் கலைத்து ஒன்றையும் கலையாமல் விடுதல் என்பன அதன் அங்கங்கள். இவற்றுள் ஒன்றைச் செவ்வனே செய்வதற்கே மாதங்கள் பல கண்ணாடி முன் நின்று பழக வேண்டும். இதனைக் கைவிரைவு என்று கூறுவோர் பிழைபடக் கூறுகின்றனர். விரைவு கண்ணை இழுக்கும். வித்தைக்காரர் வேண்டுவது கண் வேறிடம் செல்லுதலையே. ஆகவே தேர்ந்த கை மெதுவாகவே இயங்கும். வித்தைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். கேட்கப்பட்டவர் தலைநிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பார். செயல் அந்த இமைப்பொழுதில் முடிந்திருக்கும்.

தமிழருக்கு இது புதிதன்று. செப்படி வித்தை என்னும் சொல்லே இதற்குச் சான்று. செப்பு என்பது சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் கீழே சிறு பந்துகளைத் தோற்றுவித்தும் மறைத்தும் காட்டிய தெருவித்தையின் பெயரே பின்னர் எவ்வகை ஏமாற்றுக்கும் ஆயிற்று. கிண்ணத்தில் பொறி ஏதும் இல்லை, முழுவதும் கைத்திறனே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனிற் பெயர்பெற்ற இராமோ சாமி என்னும் தென்னிந்திய வித்தைக்காரர் இக்கிண்ண வித்தையையும் வாள் விழுங்குதலையும் ஆங்கிலேயருக்குக் காட்டி வந்தார்; 1850இல் அந்நகரிலேயே காலமானார். இந்திய வித்தைக்காரரின் கைத்திறனைக் கண்டு வியந்து ஹஸ்லிற் எழுதிய கட்டுரை 1821இல் வெளிவந்த அவரது நூலில் இருக்கிறது. சீட்டு வித்தை மேல்நாட்டிலிருந்து வந்ததெனினும், அதற்கு வேண்டிய விரல்கள் இங்கே முன்னரே பழகியிருந்தன.

இவ்விரு முறைகளுள் எது உயர்ந்தது? பொறிச்சீட்டைக் கையாள்வோரைக் கைத்திறனாளர் இகழ்வதுண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பணங் கொடுத்து வாங்கிய கட்டை அரைமணி நேரத்தில் எச்சிறுவனும் கையாண்டுவிடலாம். ஆயினும் வியன்னா நகரின் ஹொப்சின்சர் என்னும் மேதை (1806–1875) இரண்டினையும் கலந்தே கையாண்டார். 1922இல் சிக்காகோவில் நிகழ்ந்ததோ இன்னும் சுவையானது. எந்த வித்தையையும் மூன்று முறை கண்டால் அதன் இரகசியத்தைக் கூறிவிடுவதாகச் சொல்லி வந்த ஹூடினிக்கு, டாய் வேர்ணன் என்னும் இளைஞர் ஒரு சீட்டு வித்தையைக் காட்டினார். ஹூடினி தாமே சீட்டில் தமது முதலெழுத்துகளை மையினால் எழுதினார். அச்சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாக வைத்தார் வேர்ணன். அது மேலே வந்தது. மூன்று முறைக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினிக்கு விளங்கவில்லை. அன்று வேர்ணனின் கைத்திறனுக்கு இருபுறமும் முதுகான ஒரு சீட்டும் துணைநின்றது என்பர். ஹூடினியோ விலங்கும் பூட்டும் பெட்டியுமாகப் பொறிகளிலேயே வாழ்ந்தவர். இளமையில் சீட்டுகளின் மன்னர் என்று தம்மை விளம்பரம் செய்தவருங்கூட! அவரே இரண்டும் கலந்த இடத்தில் திகைத்து நின்றார்.

மேடையிலே இது இன்பம். திருவிழாச் சந்தையின் ஓரத்திலோ இதுவே கொள்ளையாகிறது. மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, இராணி எங்கே என்று கேட்டுப் பணம் பிடுங்கும் சூதைப் பலர் அறிவர். அதில் ஒரு கொடிய நுணுக்கம் உண்டு. ஆட்டக்காரன் முகந்திருப்பி நிற்கும்போது, கூட்டத்தில் நிற்கும் ஒருவன் இராணியின் மூலையைச் சற்றே மடித்து விடுகிறான். அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை வந்தவர் அறியார். அடையாளம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து கைப்பணம் முழுவதையும் வைக்கிறார். சீட்டை வீசும் வேளையில் ஆட்டக்காரனின் விரல் அம்மடிப்பை நிமிர்த்திவிட்டு வேறொரு சீட்டின் மூலையை மடித்துவிடும். 1902இல் ஏர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட சீட்டு நூலிலேயே இவ்வுபாயம் விளக்கப்பட்டிருக்கிறது. இங்கே பொறிச்சீட்டைக் கண்டதாக எண்ணுபவர் பணம் வைத்தவரே. தாம் ஏமாற்றுகின்றோம் என்னும் எண்ணத்திலேயே அவர் ஏமாறுகின்றார். அதனால்தான் வெளியில் முறையிடவும் கூசுகின்றார். நெல் விற்ற காசும் மீன் விற்ற காசும் இவ்வாறு போயின என்பதை வீட்டார் அறிவது பல நாள் கழித்தே.

பொருளைக் காப்பதோடு கையையும் காக்க வேண்டும் என்பதை இலங்கையில் நன்குணர்ந்தவர் ஆபிரகாம் கோவூர். அற்புதம் நிகழ்த்துவோருக்கு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அவர் விடுத்த அறைகூவலில், முத்திரையிட்டு மூடிய நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்தலும் ஒன்று. ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அது நிகழவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை வென்றவர் எவருமிலர்.

மண்டபத்தில் ஐயம் எழின் கட்டைப் பார்வைக்குக் கேட்கலாம். முகம் மேலாக மேசைமீது பரப்பினால் ஒன்றேபோன்ற சீட்டுகள் வெளிப்படும். சில சீட்டுகளைத் தலைகீழாக்கி அடுக்கிப் பக்கங்களைத் தடவினால் ஒடுங்கிய சீட்டுகள் வெளிப்படும். நல்ல வித்தைக்காரர் மறுக்கமாட்டார். புன்முறுவலோடு கட்டை நீட்டுவார். 52 சீட்டுகளும் குற்றமற்றவையாகவே இருக்கும். ஆனால் அவர் நீட்டியது, நெற்றி வியர்வையை ஒற்றுவதற்குக் கைலேஞ்சியை எடுத்தபோது, அதனோடு பையிலிருந்து வந்த இரண்டாவது கட்டு.