ஆட்டோ கேட் மோட்டாரை மாற்றப் போகிறீர்களா? முதலில் கதவைப் பாருங்கள்

தாமான் வீடுகளில் ஆட்டோ கேட் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. கொட்டும் மழையில் காரை விட்டு இறங்க வேண்டாம், இரவில் இருட்டில் நின்று பூட்டைத் துழாவ வேண்டாம். இந்த வசதிக்காகவே பலரும் அதைப் பொருத்துகின்றனர். பல ஆண்டுகள் ஓடிய மோட்டார் ஒரு நாள் நின்றுவிட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. கைப்பேசியில் கிடைத்த முதல் எண்ணை அழைத்து, வந்தவர் சொன்ன மோட்டாரைப் பொருத்தி, சில மாதங்களில் அதே கோளாறை மீண்டும் சந்திக்கும் குடும்பங்கள் உண்டு.

இதற்குக் காரணம் பல வேளைகளில் மோட்டாரில் இருப்பதில்லை. மோட்டார் கதவை நகர்த்தும் வேலையை மட்டுமே செய்கிறது. கதவின் எடையைச் சுமப்பவை கீல்களும் சக்கரங்களும்தான். அவை பழுதாகியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மோட்டாரும் நீடிக்காது.

கதவைச் சோதிப்பது எப்படி?

ஒவ்வொரு மோட்டாரிலும் அதைக் கதவிலிருந்து விடுவிப்பதற்கென ஒரு சாவியோ நெம்புகோலோ இருக்கும். முதலில் மின்சாரத்தை அடைத்து, மோட்டாரை விடுவித்துவிட்டு, கதவைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு கையால் மெதுவாகத் தள்ளினால் கதவு இலகுவாக நகர வேண்டும். பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

விட்ட இடத்தில் நிற்காமல் தானாகவே ஒரு பக்கம் ஓடினால், தூண் சாய்ந்திருக்கலாம் அல்லது கீல் தேய்ந்திருக்கலாம். கதவின் முனை தரையில் உரசினால், மோட்டார் ஒவ்வொரு முறையும் அந்த உராய்வை எதிர்த்துப் போராடுகிறது. பக்கவாட்டில் நகரும் கேட்டாக இருந்தால், அடிச்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றனவா, தண்டவாளத்தில் மண்ணும் கல்லும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவற்றைச் சரிசெய்ய வெல்டிங் தெரிந்த ஒருவர் போதும். அந்த வேலை முடிந்த பிறகு பழைய மோட்டாரே நன்றாக ஓடத் தொடங்குவதும் உண்டு.

மோட்டார்தான் கெட்டதா?

கேட் திறக்கவில்லை என்றவுடன் முழு செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அறிகுறிகளைக் கொண்டே ஓரளவு கணிக்க முடியும்.

ரிமோட் அருகில் சென்றால் மட்டுமே வேலை செய்கிறது என்றால், முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கேட் பாதி வரை சென்று திரும்பி வந்தால், ஏதோ தடுக்கிறது அல்லது எல்லை அமைப்பு மாறியிருக்கிறது. உறுமல் சத்தம் கேட்டும் கதவு அசையாவிட்டால், ஏசி மோட்டாரில் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம் அல்லது உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

இடி மின்னலுக்குப் பிறகு எல்லாமே அடங்கிவிட்டால், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர், கண்ட்ரோல் போர்டு என்ற வரிசையில் பார்ப்பது வழக்கம். இந்த நாட்டில் மின்னலுக்குக் குறைவில்லை. ஆட்டோ கேட் போர்டுகள் பழுதாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறி போர்டைக் கெடுப்பதும் நடக்கிறது. போர்டு மட்டும் பழுதென்றால் போர்டை மட்டும் மாற்றலாம். அந்த மாடலுக்கு உதிரிப் பாகமே கிடைக்கவில்லை, அல்லது பல்சக்கரமும் போர்டும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்றால்தான் புதிய செட் வாங்குவது லாபம்.

எந்தக் கேட்டுக்கு எந்த மோட்டார்?

இரண்டு கதவுகளாக உள்நோக்கித் திறக்கும் கேட்டுக்குப் பெரும்பாலும் கை போல நீண்டிருக்கும் ஆர்ம் மோட்டார் பொருத்தப்படுகிறது. இது கீலுக்கு அருகில் நின்று கதவைத் தள்ளுகிறது. ஆகவே கதவு அகலமாக இருந்தால் சுமையும் கூடும். மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது கதவின் எடையைப் போலவே அகலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கம்பிக் கேட்டைக் கழற்றிவிட்டு முழுவதும் மூடிய அலுமினியக் கேட் போடும் வீடுகளில் இன்னொரு சிக்கல் வருகிறது. இடைவெளியில்லாத கதவு காற்றைப் பாய்மரம் போல வாங்கிக்கொள்ளும். புயல்மழை நேரத்தில் அந்த விசை முழுவதும் மோட்டாரின் மேல் விழுகிறது. கேட்டை மாற்றும்போது பழைய மோட்டார் போதுமா என்று கேட்காமல் விட்டால் பின்னர் செலவு இரட்டிப்பாகும்.

தரைக்கடியில் பொருத்தும் மோட்டார் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வீட்டு முன்புறம் வெள்ளம் தேங்கும் இடமாக இருந்தால் அது பொருந்தாது. பக்கவாட்டில் நகரும் கேட்டுக்குத் தனி மோட்டார் உண்டு. கதவின் அடியில் பொருத்திய பற்சட்டத்தை மோட்டாரின் பல்சக்கரம் இழுத்துத் தள்ளும்.

ஏசியா, டிசியா?

ஏசி மோட்டார் வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இயங்குகிறது. கனமான கேட்டுகளுக்கு ஏற்றது. ஆனால் மின்தடை ஏற்பட்டால் நின்றுவிடும். டிசி மோட்டார் மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட்டுக்குக் குறைத்து இயங்குகிறது. அதனால் கண்ட்ரோல் பெட்டியில் பேட்டரி வைக்க முடியும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் சில முறை கேட்டைத் திறந்து மூடலாம்.

வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீடுகளுக்கு டிசி வகை பொருத்தமானது. ஆனால் அந்தப் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது வலுவிழக்கத் தொடங்கும். மாதம் ஒரு முறை ஆட்டோ கேட்டின் சுவிட்சை அடைத்துவிட்டு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். கேட் தயங்கினால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ரிமோட்டும் திருட்டும்

பழைய ரிமோட்டின் மூடியைத் திறந்தால் சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். மூன்று நிலைகள் கொண்ட எட்டு சுவிட்சுகள் என்றால் மொத்தம் 6,561 சேர்க்கைகள்தான். அந்தக் குறியீடு மாறுவதே இல்லை. அதை அருகிலிருந்து பதிவு செய்து மறுபடியும் ஒலிபரப்பும் கருவி ஒருவரிடம் இருந்தால் கேட் திறந்துவிடும். கடையில் சில நிமிடங்களில் நகல் ரிமோட் செய்ய முடிவதும் இதனால்தான்.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் ‘ரோலிங் கோட்’ வகை பாதுகாப்பானது. புதிய செட் வாங்குவோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ரிமோட் தொலைந்துவிட்டாலும், பிறர் வாழ்ந்த வீட்டை வாங்கினாலும், மோட்டாரின் நினைவகத்தை முழுவதும் அழித்துவிட்டு, கையிலிருக்கும் ரிமோட்டுகளை மட்டும் மறுபடியும் பதிவு செய்வது நல்லது. மாறாத குறியீடு கொண்ட பழைய ரிமோட் என்றால் குறியீட்டையே மாற்றிவிட வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

கதவு எதன் மீதாவது மோதினால் நின்று திரும்பும் வசதி மோட்டாரில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கையை வைத்துச் சோதிக்க வேண்டாம். கனமான அட்டைப் பெட்டி ஒன்றை வழியில் வைத்துப் பார்க்கலாம். பெட்டி நசுங்கிய பின்னும் கதவு தள்ளிக்கொண்டே இருந்தால் விசையைக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு மேல், வாசலின் இரு பக்கமும் பொருத்தும் ஒளிக்கதிர் சென்சார் ஒன்று இருந்தால், குறுக்கே ஆள் நிற்கும்போது கேட் மூடாது. சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இந்தச் செலவை மிச்சப்படுத்த வேண்டாம். பக்கவாட்டில் நகரும் கேட்டுக்கு முனையில் தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தண்டவாளத்தை விட்டு விலகி, அந்த எடை சிறு பிள்ளையின் மேல் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ரிமோட் விளையாட்டுப் பொருளாகக் கூடாது. கேட் கண்ணில் படாத இடத்திலிருந்து அதை மூடவும் கூடாது.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். மோட்டாரின் மாடல், ரிமோட்டுகளின் எண்ணிக்கை, பேட்டரி, பழையதைக் கழற்றும் கூலி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாதம் மோட்டாருக்கு ஒரு காலம், போர்டுக்கு ஒரு காலம், பேட்டரிக்கு ஒரு காலம் என்று வேறுபடலாம். மின்னல், பூச்சி, வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு அது பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டிலிருந்து புதிய மின்கம்பி இழுக்க வேண்டியிருந்தால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

பணம் வாங்கிய பிறகு குத்தகையாளர் திரும்பி வராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் எழுத்துப்பூர்வ விலைப்பட்டியலும் கையில் இருந்தால்தான் வாதாட முடியும்.

அந்தச் சாவி எங்கே?

மோட்டாரை விடுவிக்கும் சாவியைப் பொருத்துபவர் கொடுத்துவிட்டுப் போவார். அது மேசை இழுப்பறையில் எங்கோ கிடக்கும். வீட்டுத் தலைவருக்கு மட்டும் இடம் தெரியும். மின்தடை நேரத்தில் பாட்டிக்கு நெஞ்சு வலித்து ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது, அவர் வேலையிடத்தில் இருப்பார்.

ஆகவே, புதிய மோட்டார் பொருத்தும் நாளிலேயே, வேலையாட்கள் புறப்படுவதற்கு முன், வீட்டில் உள்ள பெரியவர்களைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே ஒரு முறை விடுவித்துத் திறக்கச் சொல்லுங்கள். சாவி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தாலோ, அவர்களின் கைக்கு வலு போதவில்லை என்றாலோ, அன்றே தெரிந்துவிடும். ஒரு சாவியை வீட்டுக்குள் எல்லாரும் அறிந்த இடத்தில் மாட்டுங்கள். இன்னொன்றை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடமோ அருகில் வாழும் உறவினரிடமோ கொடுத்து வைக்கலாம். இடம் இருந்தால், மின்சாரமே தேவைப்படாத, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறு வாசலையும் கேட்டின் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லா மோட்டாரையும் விட நம்பகமானது.