ஐந்து கேள்விக்குறிகள்

திருவனந்தபுரம் பூஜப்புரையிலிருந்து கேரள அரசின் கைட் நிறுவனம் ‘ஸ்கூல்விக்கி’யை நடத்துகிறது. 2009-இல் தொடங்கிய இந்த இணையக் களஞ்சியத்தில் 15,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இடம்பெற்றிருக்கின்றன. பள்ளி வரலாறு, ஊர்க்கதை, பிள்ளைகள் எழுதிய கவிதை எல்லாம் மலையாளத்தில் ஏறியிருக்கின்றன. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருள்தான் இதற்கும் அடித்தளம். அவ்வகை மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்டு ஸ்டால்மன் 2001-இல் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊரில் இப்படியொன்று வளர்ந்தது இயல்புதான்.

மீடியாவிக்கி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பள்ளியின் எழுத்துகள் மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தில் கிடக்கின்றன. பிஎச்பி அங்கே போய்க் கேட்டு வாங்கிவந்துதான் பக்கத்தைக் கட்டித்தர வேண்டும். கேட்பதற்கு முன் இணைப்பைத் திறக்க வேண்டும். கண்ணிமைக்கும் அந்த நேரத்தில் நடப்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நிரலில் அது ஒரே வரி. சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் ஆகிய நான்கையும் ‘மைஎஸ்க்யூஎல்ஐ கனெக்ட்’ கட்டளையிடம் கொடுத்தால் போதும். (பழைய புத்தகங்களில் இருக்கும் ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ 2015-இல் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் அதில் நேரம் செலவிட வேண்டாம்.)

பிஎச்பி வழக்கமாக 3306 என்ற போர்ட் எண்ணில் போய்க் கதவைத் தட்டுகிறது. முதலில் வாய் திறப்பது தரவுத்தள சர்வர். தன் பதிப்பு எண்ணைச் சொல்லி, அந்த நேரத்துக்கென்று குலுக்கிப் போட்ட 20 பைட்டுகளையும் தருகிறது. நெடுங்காலம் வழக்கிலிருந்த முறைப்படி, பிஎச்பி கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல், அந்த 20 பைட்டோடு சேர்த்து அரைத்த விடையை மட்டும் அனுப்பும். சர்வர் தன்னிடம் இருப்பதை வைத்துச் சரிபார்க்கும்; பொருந்தினால் உள்ளே விடும். நடுவில் ஒருவன் அந்த விடையைப் பிடித்துவைத்தாலும் அடுத்த முறை செல்லாது, ஏனென்றால் 20 பைட்டும் மாறியிருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு இன்றும் வியப்புத்தான்.

அந்தப் பதிலோடு இன்னொரு பைட்டும் போகிறது. நம் மொழிக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ‘நான் இந்த எழுத்துமுறையில் பேசுகிறேன்’ என்று அறிவிக்கும் எண் அது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய பதிப்புகள் லத்தீன்-1 என்று வைத்துக்கொண்டன. ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய மொழிகளும் அதில் அடங்கும்; தமிழுக்கும் மலையாளத்துக்கும் அதில் இடமே கிடையாது.

ஒரு சிறு புத்தகப் பட்டியலுக்காக முதன்முதலில் நான் இணைப்பு எழுதியபோது, தலைப்புகளெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. வயிறு கலங்கிவிட்டது. எல்லாம் அழிந்துபோயிற்று என்றே நினைத்தேன். அழியவில்லை. ‘அம்மா’ உள்ளே பத்திரமாக இருந்தது: அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். வெளியே வரும் வழியில் சர்வர் ஒவ்வொரு குறிக்கும் லத்தீன்-1இல் இணை தேடி, கிடைக்காமல் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் சொல்லுக்குத் திரையில் ஐந்து கேள்விக்குறி. மலையாளத்து ‘அம்ம’ என்றால் நான்கு. ஆபத்து இனிமேல்தான். அந்தத் திரையை அப்படியே திருத்திச் சேமித்தால், உண்மையான எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறிகளே பதிவாகிவிடும். பிறகு பேக்கப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இதைத் தவிர்க்க, இணைப்பு திறந்த அடுத்த வரியிலேயே எழுத்துமுறை ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று சொல்லிவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, காணி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். பழைய நிலக்கணக்குகளை இணையத்தில் ஏற்ற நினைப்பவருக்கு இந்த ‘எம்பி4’ இல்லாமல் ஆகாது.

மீடியாவிக்கி வேறு வழியில் போகிறது. மைஎஸ்க்யூஎல்லுடனோ அதன் கிளையான மரியாடிபியுடனோ சேரும்போது, வழக்கமான அமைப்பில் ‘பைனரி’ என்று அறிவித்துவிடுகிறது: கொடுத்த பைட்டுகளை அப்படியே வை, கேட்டால் அப்படியே கொடு, என்ன எழுத்து என்று நீ பார்க்க வேண்டாம். ஸ்கூல்விக்கியில் ஒரு பிள்ளை அடித்த மலையாளச் சில்லெழுத்தும் கூட்டெழுத்தும் சர்வரின் கைபடாமல் போய், போனபடியே திரும்பி வருகின்றன.