அந்த ஆறு இலக்கங்கள்

மாணவர்களே, உங்கள் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்; சிலாங்கூருக்குப் பெரும்பாலும் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

2017 அக்டோபரில், மலேசியாவின் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. முகவரிகளும் அடையாள அட்டை எண்களும் அவற்றில் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

புலனத்தில் நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் கைப்பேசியிலேயே மறையாக்கம் செய்யப்படுகிறது; பெறுபவரின் கைப்பேசியில்தான் பிரிகிறது. இடையில் எவராலும் படிக்க முடியாது. அதனால் திருடன் பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறான். “உன் எண்ணுக்குத் தவறுதலாக ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்பு” என நண்பரின் பெயரில் செய்தி வரும். அனுப்பினால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். அடுத்து, உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களிடம் கேட்பான்.

அத்தகைய செய்தி வந்தால் நண்பரை அழைத்துப் பேசுங்கள். குறியீட்டை யாருக்கும் தராதீர்கள். புலனத்தின் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். குறியீடு பறிபோனாலும் இந்த இரகசிய எண் இல்லாமல் கணக்கை உடனே திறக்க முடியாது. அதற்கும் ஆறு இலக்கங்கள் வேண்டும். பிறந்த தேதியை மட்டும் வைத்துவிடாதீர்கள்!