மீண்டெழும் ஆற்றலும் பாடசாலையும்: இலண்டன் உள்நகர ஆய்வுகள் பற்றிச் சில குறிப்புகள்

வறுமை சூழ்ந்த நகர்ப்புறங்களிலே வளரும் கட்டிளமைப் பருவத்தினருட் சிலர் கல்வியிலே தேர்ச்சி பெறுகின்றனர், பலர் பெறுவதில்லை. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு உளவியலாளர் கையாளும் கருத்தாக்கம் ‘மீண்டெழும் ஆற்றல்’ என்பதாகும். அழுத்தத்துக்குட்பட்ட உருக்கு மீண்டும் தன் வடிவத்தைப் பெறுவதைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது. ஆயின், உருக்கைச் சோதிக்கும் பொறியியலாளர் அதன்மீது ஏற்றப்பட்ட பாரத்தையும் அளவிடுவர். மாணவரைச் சோதிப்போரோ பெரும்பாலும் பாரத்தை மறந்துவிடுகின்றனர்.

1966இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவரின் அடைவைத் தீர்மானிப்பதிற் குடும்பப் பின்னணியே முதன்மையானது எனவும், பாடசாலை வசதிகளின் பங்கு சிறிதே எனவும் கூறிற்று. பாடசாலையால் ஆவது ஒன்றுமில்லை என்ற அவநம்பிக்கைக்கு இது வலுவூட்டியது. இதற்கு மறுப்பாக அமைந்தது மைக்கல் றட்டரும் அவர்தம் குழுவினரும் 1979இல் வெளியிட்ட ‘பதினைந்தாயிரம் மணித்தியாலங்கள்’ என்னும் நூல். ஐந்து வயது முதற் பாடசாலையை விட்டு நீங்கும் வரை ஒரு பிள்ளை அங்கு கழிக்கும் காலமே இத்தலைப்பு.

இலண்டன் உள்நகரின் 12 இடைநிலைப் பாடசாலைகளை இவர்கள் ஆராய்ந்தனர். மாணவர் சேரும்போதிருந்த திறன், குடும்பநிலை ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும், வரவு, நடத்தை, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றிற் பாடசாலைகளுக்கிடையே தெளிவான வேறுபாடு காணப்பட்டது. கட்டடத்தின் வயதோ இடவசதியோ இதனை விளக்கவில்லை. வீட்டுவேலை கொடுக்கப்பட்டதா, ஆசிரியர் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டனரா, மாணவரின் ஆக்கங்கள் சுவரிலே காட்சிக்கு வைக்கப்பட்டனவா, மாணவருக்குப் பொறுப்புகள் அளிக்கப்பட்டனவா என்பன போன்ற எளிய நடைமுறைகளே விளக்கின. தனிப்பிள்ளையின் உள்ளத்திலே தேடப்பட்ட ஆற்றலின் ஒரு பகுதி, கூட்டு வாழ்வின் ஒழுங்கமைப்பிலே கிடந்தது என்பதே இதன் பொருள். பின்னர், 1987இல், இவ்வாற்றல் ஒருவரிடம் நிலையாக உறையும் பண்பன்று என றட்டரே வலியுறுத்தினார்.

இருப்பினும் நாம் இங்கு நின்றுவிட முடியாது. திறன்மிக்க மாணவர் எவ்வளவு விகிதத்திற் சேர்க்கப்பட்டனர் என்பதும் பாடசாலையின் பெறுபேற்றைப் பாதித்ததென அந்நூலே காட்டுகிறது. அவ்விகிதத்தைத் தலைமையாசிரியர் தனித்துத் தீர்மானிப்பதில்லை. குடியிருப்பும் வர்க்கமும் அதிற் பங்குகொள்கின்றன. நூலைப் போற்றியோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்து சென்றனர் என்றே தோன்றுகிறது.

போல் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைத் தருகிறது. இங்கிலாந்தின் கைத்தொழில் நகரொன்றிலே தொழிலாளர் குடும்பத்து இளைஞர் பன்னிருவரை அவர் அணுகி நோக்கினார். இவர்கள் பாடசாலையின் அதிகாரத்தை எள்ளிநகையாடினர். கீழ்ப்படிந்து படித்தோரை இகழ்ந்தனர். படிப்பு அனைவரையும் உயர்த்தும் என்ற வாக்குறுதியின் பொய்ம்மையை அவர்கள் ஓரளவு கண்டுகொண்டனர் என்கிறார் வில்லிஸ். ஆனால் அந்த எதிர்ப்பே அவர்களைத் தந்தையரின் ஆலைத் தொழிலுக்கு இட்டுச் சென்றது. மீண்டெழும் ஆற்றலை அளக்கும் வினாக்கொத்திலே இவ்விளைஞர் குறைந்த புள்ளியே பெற்றிருப்பர். அவர்களிடம் உறுதி இருக்கவில்லை என்று யார் கூறுவர்? 1982இல் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியபோது, அத்தகைய ஆலைத் தொழிலும் அருகிப்போயிற்று.

வென்றோரின் நிலையும் ஆராயத்தக்கதே. ஜோர்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பின இளையோரை ஆராய்ந்த ஜீன் புறோடி குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவு நகர்ப்புறத்தைச் சார்ந்ததன்றாயினும் இங்கு குறிப்பிடத்தக்கது. வறுமையிடையே பாடசாலையிற் சிறந்து விளங்கியவர்களாக ஆசிரியரால் மதிப்பிடப்பட்டோரின் உளநிலை 19ஆம் வயதிற் சீராகவே இருந்தது. ஆனால் குருதியமுக்கம், உளைச்சலோடு தொடர்புடைய ஓமோன்கள் முதலியவற்றைக் கொண்டு அளந்தபோது, அவர்களின் உடலிலே தேய்வு மிகுந்திருந்தது.